அஷ்ரப் எந்தப் பக்கம்? பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டிய முழுக் கதை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் எடுத்து வாசியுங்கள். வாசித்துவிட்டு உங்கள் கருத்தையும் கீழே எழுதுங்கள்.

செப்டம்பர் 16 வந்தால் மருதமுனை முதல் பொத்துவில் வரை எல்லா ஊரிலும் ஒரே படம்தான். பேனரிலும் பேஸ்புக்கிலும் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் சிரித்துக்கொண்டிருப்பார். படத்துக்குக் கீழே எந்தக் கட்சி, எந்த அமைப்பாளர் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். கத்தம் ஓதுகிறோம், துஆ கேட்கிறோம், பகல் சாப்பாடும் கொடுக்கிறோம். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் அன்றைய பகல் முடிந்த பிறகு அந்த மனிதரின் வாழ்க்கையில் எவ்வளவு நம் பிள்ளைகளின் கையில் மிஞ்சுகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்று சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அவர் வபாத்தாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அதற்கு அஷ்ரப் என்பது ஓர் ஆஸ்பத்திரியின் பெயர், தேர்தல் மேடையில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு பெயர், ஹெலிகொப்டரில் மௌத்தான ஒரு தலைவர். இதற்கு மேல் கொஞ்சம் விசாரிக்கும் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும். “அவர் எந்தப் பக்கம்? தமிழாக்களோடயா, அரசாங்கத்தோடயா?”

நியாயமான கேள்வி. ஆனால் ஊருக்குள் இதற்குக் கிடைக்கும் பதில்கள் எல்லாம் பாதிப் பதில்கள். கட்சிக்காரரிடம் கேட்டால் அவருடைய கட்சிக்குத் தேவையான பாதியைச் சொல்வார். பாண்டிருப்பிலோ காரைதீவிலோ இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு வேறொரு பாதி போய்ச் சேர்ந்திருக்கிறது. தமிழ் பேசும் மக்களைப் பிரித்துவிட்டுப் போனவர் என்று அந்தப் பிள்ளை கேட்டு வளர்ந்திருக்கும். ஒரே பிரதான வீதியில் பஸ் ஏறி, ஒரே டியூஷன் வகுப்பில் இருந்து, ஒரே மொழியில் பரீட்சை எழுதும் பிள்ளைகளிடம் இரண்டு அஷ்ரப்கள் இருக்கிறார்கள். முழு மனிதர் யாரிடமும் இல்லை.

ஆகவே வாழ்க்கையை வரிசையாகப் பார்ப்போம்.

1948 ஒக்டோபர் 23 இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர். சட்டம் படித்தார், கவிதையும் எழுதினார். அவர் அரசியலுக்கு வந்த காலத்தில் கிழக்கு முஸ்லிம்களுக்கென்று தனிக் கட்சி கிடையாது. ஐ.தே.க., சுதந்திரக் கட்சி, இல்லாவிட்டால் தமிழரசுக் கட்சி. 1956 இல் கல்முனையும் பொத்துவிலும் தமிழரசுக் கட்சியில் கேட்ட முஸ்லிம் வேட்பாளர்களையே பாராளுமன்றத்துக்கு அனுப்பின. பிறகு அவர்கள் இருவரும் அரசாங்கப் பக்கம் போனார்கள். தமிழ்க் கட்சியோடு முஸ்லிம்கள் சேர்வதும் பிரிவதும் அஷ்ரபோடு தொடங்கிய விடயம் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

1976 பெப்ரவரியில் புத்தளம் பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பாராளுமன்றத்தில் அதைப் பற்றிக் குரல் எழுப்பியவர் தந்தை செல்வநாயகம். பெரிய கட்சிகளுக்குள் இருந்த முஸ்லிம் எம்.பி.மார் வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்து வாலிபர்களின் மனதில் இது எப்படிப் பதிந்தது என்பதை இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பின்னணியில்தான் அஷ்ரபும் அவருடைய நண்பர்களும் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி என்ற பெயரில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு செய்தார்கள். 1977 தேர்தலில் அவர்களின் வேட்பாளர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்றார்கள். அண்ணன் அமிர்தலிங்கம் கைவிட்டாலும் தம்பி அஷ்ரப் கைவிட மாட்டான் என்ற கருத்தில் அவர் மேடையில் பேசியதாக இன்றும் இரண்டு பக்கத்திலும் சொல்வார்கள். தமிழர்கள் சொல்லும்போது அதில் ஒரு மனவருத்தம் இருக்கும். நம்மவர்கள் சொல்லும்போது கொஞ்சம் சங்கடம் இருக்கும். மறைக்க என்ன இருக்கிறது? இருபத்தெட்டு வயதில் ஒருவர் தன் அயலவரின் உரிமைப் போராட்டத்தை நம்பிப் போனார். அந்த நம்பிக்கையும் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதிதான்.

அந்தத் தேர்தலில் அவர்களில் ஒருவரும் வெல்லவில்லை. 1981 செப்டம்பரில் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது அது கிழக்குக்குள் இருந்த ஒரு சிறிய அமைப்பு மட்டும்தான். 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கம் தமிழ் - முஸ்லிம் கலவரம் வெடித்தது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பயத்தோடு பார்க்கத் தொடங்கிய காலம். 1986 இல் கொழும்பில் கூடி முஸ்லிம் காங்கிரஸை நாடு தழுவிய அரசியல் இயக்கமாக மாற்றினார்கள். தலைமைக்கு அஷ்ரப் வந்தார்.

1987 ஜூலையில் இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகி வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டன. கிழக்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டவாக இருந்த ஒரு சமூகத்திடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. கொழும்பும் கேட்கவில்லை, டெல்லியும் கேட்கவில்லை, தமிழ் இயக்கங்களும் கேட்கவில்லை. தனிக் கட்சி ஏன் வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு சம்பவத்தை விளங்கப்படுத்தினால் போதும்.

அந்த வருடங்களில் ஆயுதம் எடுப்பது சுலபமாக இருந்தது. முஸ்லிம் இளைஞர்கள் சிலரும் தமிழ் இயக்கங்களில் சேர்ந்திருந்தார்கள். அஷ்ரப் கையில் எடுத்தது சட்டப் புத்தகத்தையும் வாக்குச்சீட்டையும். 1988 நவம்பரில் வடக்கு - கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தபோது, தேர்தலில் நிற்பதே உயிருக்கு ஆபத்தான காரியம். அதில் 71 ஆசனங்களில் 17 ஐ முஸ்லிம் காங்கிரஸ் வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது.

அடுத்த மாதமே ஜனாதிபதித் தேர்தல். அந்த நேரத்தில் அவர் கேட்டு வாங்கிய ஒரு விடயத்தைக் குடியுரிமைக் கல்வி படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அறிய வேண்டும். அதுவரை ஒரு மாவட்டத்தில் 12.5 வீதம் வாக்கு எடுக்காத கட்சிக்கு அந்த மாவட்டத்தில் ஓர் ஆசனமும் கிடையாது. பரந்து வாழும் சிறிய சமூகத்துக்கு இந்த வெட்டுப்புள்ளி ஒரு மதில் மாதிரி. 1988 டிசம்பரில் வந்த அரசியலமைப்பின் 15 ஆவது திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. பிரேமதாசவுக்கு ஆதரவு தேவைப்பட்டது, அஷ்ரப் கேட்டது இது. காசோ தனிப்பட்ட பதவியோ கேட்டிருக்கலாம். அவர் சட்டத்தில் ஒரு இலக்கத்தை மாற்றச் சொன்னார். அந்த மாற்றத்தால் முஸ்லிம்கள் மட்டும் பயன் பெறவில்லை. பின்னாளில் தெற்கில் ஜே.வி.பி. போன்ற கட்சிகள் சிறிய வாக்கு வீதத்தோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கதவால்தான். 1989 இல் முஸ்லிம் காங்கிரஸுக்கு 4 ஆசனங்கள் கிடைத்தன, திகாமடுல்லவிலிருந்து அஷ்ரப் எம்.பி. ஆனார்.

பிறகு 1990. இந்த வருடத்தைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு கிழமை கடந்ததும் ஏறாவூர். அதே நாட்களில் சம்மாந்துறைக்குப் பக்கத்திலுள்ள வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டார்கள். பள்ளிவாசலில் விழுந்தவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு வீரமுனையைச் சொல்லாமல் விடும் பாடம் பாடமே கிடையாது. தமிழ்ப் பாடசாலையில் வீரமுனையைச் சொல்லிவிட்டுக் காத்தான்குடியை விழுங்குவதும் அப்படித்தான்.

1977 இல் உதயசூரியனுக்கு வாக்குக் கேட்டவர் ஏன் தனி முஸ்லிம் அலகு கேட்டார் என்பதற்கான பதில் இந்த வருடங்களுக்குள் இருக்கிறது. இந்தியாவின் பாண்டிச்சேரி நிலத் தொடர்பில்லாத துண்டுகளால் ஆன ஓர் ஆட்சிப் பிரதேசம். அந்த மாதிரியைக் காட்டி, நிலத்தால் தொடர்பில்லாத முஸ்லிம் பிரதேசங்களை ஒரு மாகாண சபையின் கீழ் கொண்டுவரலாம் என்றார். பின்னர் பொத்துவில், சம்மாந்துறை, கல்முனைத் தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்கு அலகு பற்றிய பேச்சு வந்தது. இது சரியா பிழையா என்று இன்றும் வாதம் செய்யலாம். பிள்ளைகள் வகுப்பில் வாதம் செய்யட்டும். ஆனால் அதற்கு முதல், அந்தக் கோரிக்கை எந்தப் பயத்திலிருந்து பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1994 இல் கதை மறுபடி திரும்புகிறது. பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். ஆட்சியமைக்க 113 தேவை. முஸ்லிம் காங்கிரஸின் 7 உம் மலையகத்திலிருந்து கிடைத்த 1 உம் சேர்ந்துதான் சந்திரிகா அம்மையாரின் அரசாங்கம் எழுந்தது. அஷ்ரப் கப்பல் துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார். புத்தளம் முகாம்களில் கிடந்த வடக்கு முஸ்லிம்களின் பிரச்சினையும் அந்த அமைச்சுக்குள்தான் வந்தது.

நமக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிவது ஒலுவில். யுத்தத்தால் நம் பிள்ளைகள் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாமல் நின்ற நேரத்தில், 1995 இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று அதில் தமிழ்ப் பிள்ளையும் படிக்கிறது, சிங்களப் பிள்ளையும் படிக்கிறது. நம் கரையோர ஊர்களில் முதல் பட்டதாரி மகளைக் கண்ட குடும்பங்கள் எத்தனை என்று உங்கள் வட்டாரத்திலேயே எண்ணிப் பாருங்கள்.

கடைசிக் கட்டத்தில் அவர் இன்னொரு அடி வைத்தார். முஸ்லிம் என்ற பெயரை விட்டு, எல்லாச் சமூகங்களும் சேரக்கூடிய தேசிய ஐக்கிய முன்னணியை, நாம் ‘நுஆ’ என்று சொல்லும் கட்சியை உருவாக்கினார். அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று பார்க்கக் கிடைக்கவில்லை. 2000 செப்டம்பர் 16, தேர்தலுக்கு மூன்று கிழமைக்குச் சற்றுக் கூடுதலான நாட்கள் இருக்கும்போது, கொழும்பிலிருந்து அம்பாறைக்கு வந்துகொண்டிருந்த விமானப்படை ஹெலிகொப்டர் அரநாயக்கப் பகுதியின் ஊரகந்த மலையில் விழுந்தது. அவரோடு இருந்த எல்லோரும் மௌத்தானார்கள். அவருக்கு 51 வயது. விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது, ஆனாலும் ஊரில் கேள்விகள் இன்னும் ஓயவில்லை.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். எந்தப் பக்கம்?

வேறொரு நாட்டு வாழ்க்கை ஒன்று இதை விளங்கிக்கொள்ள உதவும். அமெரிக்காவின் டெக்சாஸ் முன்பு மெக்சிகோவின் ஒரு பகுதி. அங்கே பிறந்த ஸ்பானிய மொழி பேசும் மக்களை டெஹானோ என்பார்கள். அவர்களில் 1806 இல் சான் அந்தோனியோவில் பிறந்த ஹுவான் செகின் என்பவர், மெக்சிகோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்து, ஆங்கிலம் பேசும் குடியேறிகளோடு தோளோடு தோள் நின்று போராடினார். அலமோ கோட்டை முற்றுகையில் இருந்தவர், உதவி கேட்டுத் தூது அனுப்பப்பட்டதால் உயிர் தப்பினார். 1836 ஏப்ரலில் சான் ஹசிந்தோவில் நடந்த இறுதிப் போரில் அவருடைய ஆட்கள் தொப்பியில் அட்டைத் துண்டு செருகிக்கொண்டு போரிட்டார்கள். ஏன் தெரியுமா? எதிரி என்று நினைத்துத் தங்கள் பக்கத்துக்காரரே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக.

வெற்றிக்குப் பிறகு அவர் செனட் சபையில் அமர்ந்தார், சட்டங்களை ஸ்பானிய மொழியிலும் அச்சிடக் கேட்டார், சான் அந்தோனியோவின் மேயரானார். 1842 இல் மெக்சிகோப் படை நகருக்குள் வந்து போனதும் அவர்மேல் துரோகிப் பட்டம் விழுந்தது. உயிருக்குப் பயந்து மெக்சிகோவுக்கு ஓடினார். அங்கே சிறையா படையா என்று கேட்டதாகவும், குடும்பத்துக்காகப் படையைத் தேர்ந்ததாகவும் அவர் பின்னர் எழுதினார். அதே வருடம் டெக்சாஸுக்கு எதிராகப் படையோடு வந்தார். இரண்டு பக்கமும் அவரைத் துரோகி என்றது. 1858 இல் வெளியிட்ட நினைவுகளில், சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டதை எழுதி வைத்தார். 1890 இல் மெக்சிகோவின் நுவேவோ லரேடோவில் இறந்தார். டெக்சாஸில் ஒரு நகரத்துக்கு 1839 இலிருந்தே அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவரின் எலும்புகள் அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்து 1976 இல்தான் அடக்கம் செய்யப்பட்டன. ஊருக்குப் பெயர் வைப்பது சுலபமாக இருந்தது. ஆளை ஏற்றுக்கொள்ள நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

செகின் துப்பாக்கி தூக்கியவர், அஷ்ரப் சட்டத்தரணி. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு பெரிய சமூகங்களுக்கு நடுவில் நிற்கும் சிறிய சமூகத்தின் தலைவருக்கு எங்கேயும் இதே சோதனைதான் வருகிறது. தொப்பியில் அட்டை செருகிக் காட்டினால்தான் நம்புவார்கள். அட்டை விழுந்த அன்று சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்டவரை ‘எந்தப் பக்கம்’ என்ற கோலால் அளந்தால் எப்போதும் பிழையான விடைதான் வரும்.

அஷ்ரப் நின்ற இடங்கள் மாறின. 1977 இல் கூட்டணியோடு, 1988 இல் தனித்து, 1994 இல் சந்திரிகாவோடு. ஒவ்வொரு இடத்திலும் அவர் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான். எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்களிடமும் கேளுங்கள். இந்த ஒரு வசனத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மற்றத் திகதிகள் எல்லாம் தானாக மனதில் நிற்கும்.

அந்த வசனத்துக்கு இன்னொரு முனையும் உண்டு. நாம் பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் அதே கேள்வி நம்மிடம் திரும்பி வரும். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றித் தமிழர்கள் பேசும்போதும், தனிச் சபை வேண்டும் என்று சாய்ந்தமருது மக்கள் பேசும்போதும் நம் வாயில் முதலில் வருவது என்ன? 1987 இல் கேட்கப்படாமல் விடப்பட்ட வலி தெரிந்த சமூகம், பக்கத்து வீட்டாரைக் கேட்காமல் முடிவெடுக்கலாமா? எல்லை எங்கே விழ வேண்டும் என்று இந்தப் பதிவில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதற்குச் சட்டமும் இருக்கிறது, நியாயங்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. ஆனால் பேனரில் அஷ்ரபின் படத்தைப் போட்டுவிட்டு, அடுத்தவரின் குரலைக் கேட்கவே மாட்டோம் என்று நின்றால் அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?

அவர் போன பிறகு கட்சி பல துண்டாகிவிட்டது. ஒவ்வொரு துண்டும் அவரைத் தன் சொத்து என்கிறது. தேர்தல் நேரத்தில் யாரும் முழுக் கதை சொல்ல மாட்டார்கள், அது அவர்களுடைய வேலையும் கிடையாது. முழுக் கதை சொல்வது ஆசிரியர்களினதும் பெற்றோரினதும் ஊர்ப் பெரியவர்களினதும் வேலை. பாடப்புத்தகத்தில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே இந்த வருடம் ஊருக்கு முன்னால் சில யோசனைகளை வைக்கிறோம்.

அவரோடு வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நோட்டீஸ் ஒட்டியவர், கூட்டத்துக்குக் கதிரை அடுக்கியவர், 1988 தேர்தலில் வாக்குச்சாவடி முகவராக நின்றவர். அவர்களுக்கு வயது எழுபது, எண்பது. ஒவ்வொரு மையித்து அறிவித்தலோடும் ஒரு புத்தகம் மண்ணுக்குள் போகிறது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக அனுப்பி, போனில் பதிவு செய்து, எழுதி எடுக்கச் சொல்லலாம். கேள்விகளை முதலில் வகுப்பிலேயே தயார் செய்ய வேண்டும்.

அந்தப் பட்டியலில் தமிழ்ப் பெரியவர்களும் இருக்க வேண்டும். 1977 இல் ஒரே மேடையில் நின்றவர்கள் காரைதீவிலும் பாண்டிருப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு அஷ்ரப் மேல் கோபம் இருந்தால் அந்தக் கோபத்தையும் அப்படியே எழுதி வருவோம். புகழ்ச்சி மட்டும் சேர்த்தால் அது மலர் வெளியிடுவதற்குத்தான் உதவும்.

வீடுகளில் கிடக்கும் பழைய துண்டுப்பிரசுரங்கள், பத்திரிகைத் துண்டுகள், பேச்சுக் கசட்டுகள், படங்கள் எல்லாம் கறையான் தின்ன முதல் ஒரு வாசிகசாலையில் சேரட்டும். மூலத்தைக் கொடுக்க விருப்பமில்லாதவர்கள் பிரதி கொடுத்தாலும் போதும். பேனருக்குச் செலவாகும் காசில் ஒரு ஸ்கேனர் வாங்கலாம்.

இன்னொன்று, அவருடைய ‘நான் எனும் நீ’ கவிதைத் தொகுப்பைப் பிள்ளைகளின் கையில் கொடுப்போம். அரசியல்வாதி என்றால் கத்துகிறவர் என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு, அமைச்சராக இருந்த ஒருவர் கவிதைத் தொகுப்பும் வெளியிட்டார் என்பது ஒரு செய்தி.

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. கட்சியும் தேவையில்லை. எந்தக் கட்சியின் பெயரும் இதில் வராமல் இருந்தால்தான் நல்லது.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்து வாப்பாவோ மூத்தம்மாவோ இருந்தால், இன்று மஃரிபுக்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 1988 இல் வாக்குப் போடப் போன அன்று என்ன நடந்தது என்று. கிடைக்கும் பதிலைக் கீழே எழுதுங்கள். தமிழ்ச் சகோதரர்களும் எழுதுங்கள், உங்கள் நினைவு நம்முடைய நினைவுக்கு எதிராக இருந்தாலும் எழுதுங்கள். ஒருவரையொருவர் ஏசாமல் எழுதினால் போதும். அவற்றிலிருந்துதான் முதல் பாடத்தைத் தயாரிக்கப் போகிறோம்.

அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளியாக்கி வைப்பானாக.